இவாலுவேஷன் போர்டுக்கு வெளியிலிருந்து ஐ2எஸ் கொடுக்கும்போது கிளாக் யாருடையது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் தரவை ஒலிச் சிக்னலாக மாற்றும் டாக் (DAC) வகைச் சிப்பான பிசிஎம்1794ஏவைச் சோதித்துப் பார்ப்பதற்கான இவாலுவேஷன் போர்டு ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதன் ஆப்டிகல் உள்ளீட்டில் சிடி பிளேயரை இணைத்தால் நன்றாகப் பாடுகிறது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலிருந்து, சிப்புகளுக்கிடையே டிஜிட்டல் ஒலியை அனுப்பும் முறையான ஐ2எஸ் சிக்னலை நேரடியாகக் கொடுக்க நினைத்து, பிட் கிளாக், எல்ஆர் கிளாக், டேட்டா ஆகிய மூன்று கம்பிகளையும் ஒரு கிரவுண்டு கம்பியையும் போர்டின் ஜம்பர் வரிசையில், அதாவது தடங்களை இணைக்கவும் பிரிக்கவும் உதவும் சிறு செருகிகளின் வரிசையில், செருகியிருக்கிறீர்கள். சில பாடல்களுக்கு ஒலியே வரவில்லை. சிலவற்றுக்கு உறுமலோடு கூடிய சிதைந்த ஒலி வருகிறது. எந்த ஜம்பரை மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

ஜம்பரை மட்டும் மாற்றுவதால் இது தீராது. உங்கள் டாக் இப்போது இரண்டு எஜமானர்களின் கீழ் வேலை செய்கிறது. டேட்டாவும் அதற்குரிய இரண்டு கிளாக்குகளும், அதாவது நேரத்தை அளந்து தரும் துடிப்புகளும், பையிலிருந்து வருகின்றன. ஆனால் சிப்பை உள்ளே ஓட்டும் மாஸ்டர் கிளாக் இன்னமும் போர்டில் இருக்கும் எஸ்பிடிஐஎஃப் ரிசீவரிலிருந்து (ஆப்டிகல் அல்லது கோஆக்ஸியல் வழியே வரும் டிஜிட்டல் ஒலிச் சிக்னலைப் படிக்கும் சிப்) வந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இதைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் சரிசெய்தாலும் பயன் இருக்காது என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐ2எஸ் முறையை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1986இல் வகுத்தது. அதில் மூன்று கம்பிகளே உண்டு: ஒவ்வொரு பிட்டையும் எண்ணித் தரும் பிட் கிளாக், இது இடப்பக்கத்துக்கு உரியதா வலப்பக்கத்துக்கு உரியதா என்று சொல்லும் எல்ஆர் கிளாக், பிறகு டேட்டா. மாஸ்டர் கிளாக் அந்த வரையறைக்குள் இல்லை. ஆனால் இன்றைய டாக் சிப்புகள் பெரும்பாலானவற்றில் சாம்பிள்களைப் பல மடங்கு பெருக்கும் டிஜிட்டல் ஃபில்டரும் அதற்குப் பின் ஒரு மாடுலேட்டரும் இருக்கின்றன. அவை ஓடுவதற்கு சாம்பிள் ரேட்டைப்போல், அதாவது விநாடிக்கு எத்தனை சாம்பிள்கள் வருகின்றன என்ற எண்ணைப்போல், 128 முதல் 768 மடங்கு வேகமான ஒரு கிளாக் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸுக்கு 256 மடங்கு என்றால் 12.288 மெகாஹெர்ட்ஸ், சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு அதே 256 மடங்கு 11.2896 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ‘ஐ2எஸ் உள்ளீடு உண்டு’ என்று ஒரு போர்டைப் பற்றிப் படிக்கும்போது, அது மூன்று கம்பியா நான்கு கம்பியா என்பதை அந்தச் சிப்பின் டேட்டாஷீட்டில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பிசிஎம்5102ஏ போன்ற சில சிப்புகள், மாஸ்டர் கிளாக் முனையைக் கிரவுண்டில் கட்டிவிட்டால், பிட் கிளாக்கிலிருந்து தமக்கு வேண்டியதை உள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையோடு மூன்றே கம்பிகளில் அவை பாடுவதைப் பலரும் பார்த்திருப்பதால், எல்லா டாக்கும் அப்படித்தான் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பிசிஎம்1794ஏ அப்படிப்பட்டது அல்ல.

இந்தச் சிப்பின் டேட்டாஷீட்டில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். மின்சாரம் வந்த பிறகு 1024 மாஸ்டர் கிளாக் துடிப்புகள் கிடைத்தால்தான் அது ரீசெட் நிலையிலிருந்து வெளியே வரும். ஆகவே மாஸ்டர் கிளாக் இல்லையென்றால் முழு மௌனம்தான். அடுத்தது, மாஸ்டர் கிளாக்கும் எல்ஆர் கிளாக்கும் ஒன்றோடொன்று ஒத்திசைந்திருக்க வேண்டும். அவற்றின் கட்டம், அதாவது ஒன்றுக்கொன்று முன்பின் இருக்கும் அளவு, எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்த உறவு 6 பிட் கிளாக் அளவுக்கு மேல் நகர்ந்துவிட்டால் சிப் தன்னைத்தானே மறுபடியும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய், ஒத்திசைவு திரும்பும் வரை வெளியீட்டைச் சுழியத்தில் நிறுத்திவிடும்.

இதை உங்கள் போர்டுக்குப் பொருத்திப் பாருங்கள். பல ரிசீவர்கள், எஸ்பிடிஐஎஃப் சிக்னல் வராதபோது போர்டிலுள்ள கிரிஸ்டலின் கிளாக்குக்கு மாறிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்தக் கிரிஸ்டல் 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பையிலிருந்து 44.1 கிலோஹெர்ட்ஸ் பாடலை அனுப்பினால் விகிதம் ஏறத்தாழ 557 வரும். சிப் ஏற்கும் 512, 768 போன்ற எண்களில் அது இல்லை, எனவே ஒலி இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ் பாடலென்றால் விகிதம் 512க்கு மிக அருகில் வரும், ஆனால் துல்லியமாக வராது. பையின் கிரிஸ்டலுக்கும் போர்டின் கிரிஸ்டலுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே விநாடிக்கு 2.4 சாம்பிள் நழுவும். ஒரு சாம்பிளுக்கு 64 பிட் கிளாக் என்ற கணக்கில் அது 150க்குச் சற்று மேல். 6க்கு ஒரு முறை சிப் தன்னைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் என்றால் விநாடிக்கு 25 தடவை ஒலி அறுபடும். நீங்கள் கேட்ட உறுமல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒலி வராத பாடல்கள் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளா, உறுமியவை 48 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

கம்பிகளைத் தொடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ரிசீவரின் வெளியீடுகள் டாக்கின் உள்ளீடுகளை நோக்கிப் போகும் அதே தடங்களில் நீங்கள் பையின் வெளியீட்டையும் கொண்டுவந்து சேர்த்திருந்தால், இரண்டு வெளியீடுகள் ஒரே தடத்தை எதிரெதிராக இழுக்கின்றன. ஒன்று 3.3 வோல்ட்டுக்கு ஏற்ற, மற்றது சுழியத்துக்கு இறக்க, இடையில் ஓடும் மின்னோட்டம் இரண்டில் ஒன்றை மெல்லக் கெடுக்கும். ஜம்பர் வரிசை அமைக்கப்பட்டிருப்பதே இதைத் தவிர்க்கத்தான். நான்கு ஜம்பர்களையும், அதாவது மாஸ்டர் கிளாக்குக்கு உரியதையும் சேர்த்து, கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஜம்பரிலும் இரண்டு முனைகளில் எது டாக் பக்கம், எது ரிசீவர் பக்கம் என்பதை ஊகிக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, சிப்பின் காலிலிருந்து தேடிக் கண்டுபிடித்து, டாக் பக்கத்து முனையில் மட்டும் வெளிச் சிக்னலைக் கொடுங்கள். சில போர்டுகளில் ஜம்பருக்குப் பதிலாக பஃபர் சிப் ஒன்றும், அதைத் திறந்து மூடும் சுவிட்சும் இருக்கும். அங்கே சுவிட்சை வெளி உள்ளீட்டுக்கு மாற்றினால் போதும். சுற்றுப்படத்தைப் பார்க்காமல் இவற்றில் எதையும் செய்யாதீர்கள்.

இனி மாஸ்டர் கிளாக் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. பையின் 40 முனை வரிசையில் ஐ2எஸ்ஸுக்கு உரியவை 12, 35, 38, 40 ஆகிய முனைகள்: முறையே பிட் கிளாக், எல்ஆர் கிளாக், டேட்டா உள்ளீடு, டேட்டா வெளியீடு. மாஸ்டர் கிளாக்குக்கு முனை இல்லை. வேறொரு முனையில் பொதுப் பயன்பாட்டுக் கிளாக் ஒன்றை வெளியே எடுக்க முடியும் என்றாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாம் தலைமுறை வரையிலான பைகளில் அடிப்படைக் கிரிஸ்டல் 19.2 மெகாஹெர்ட்ஸ். எடுத்துக்காட்டாக அதிலிருந்து 48 கிலோஹெர்ட்ஸின் 64 மடங்கான 3.072 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 6.25ஆல் வகுக்க வேண்டும். வகுப்பான் சில சுற்றுகளை 6ஆகவும் சிலவற்றை 7ஆகவும் எண்ணி சராசரியை மட்டும் சரியாக்கும். துடிப்புக்குத் துடிப்பு நீளம் மாறிக்கொண்டே இருக்கும். அதைவிட வேகமான உள்மூலத்திலிருந்து வகுத்தால் தள்ளாட்டம் சுருங்கும், நீங்காது.

இந்தத் தள்ளாட்டம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை முழு அளவில் இசைக்கும்போது கிளாக்கில் 1 நானோவிநாடி அளவுக்கு ஒழுங்கற்ற தள்ளாட்டம் இருந்தால், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 84 டெசிபெல்லைத் தாண்டாது. பிசிஎம்1794ஏ 2 வோல்ட் ஸ்டீரியோ வெளியீட்டில் 127 டெசிபெல் தரக்கூடிய சிப். அந்த எல்லையை அந்த அலைவரிசையில் தொட வேண்டுமென்றால் தள்ளாட்டம் 7 பிகோவிநாடிக்குள் இருக்க வேண்டும். காதுக்கு அவ்வளவு தேவையா என்பது தனி விவாதம். ஆனால் இவ்வளவு நல்ல சிப்பை வாங்கி, மோசமான கிளாக்கைக் கொடுத்து, அதன் திறமையில் பாதியை வீணாக்குவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இதில் ஆறுதலான ஒன்றும் உண்டு: இந்தச் சிப்பில் வெளியீட்டின் நேரத்தைத் தீர்மானிப்பது மாஸ்டர் கிளாக்தான். அது சுத்தமாக இருந்தால், பிட் கிளாக்கும் டேட்டாவும் சற்றுத் தள்ளாடி வந்தாலும், சரியான பிட் சரியான நேரத்துக்குள் வந்து சேரும் வரை கெடுதல் இல்லை.

ஆகவே உங்களுக்கு உள்ள வழிகளைச் சொல்கிறேன். மிக எளியது, ஐ2எஸ் ஆசையைக் கைவிட்டு, பையிலிருந்து யூஎஸ்பி வழியாகவோ மேலே பொருத்தும் சிறு போர்டு வழியாகவோ எஸ்பிடிஐஎஃப் எடுத்து, போர்டின் உள்ளீட்டிலேயே கொடுப்பது. சிடி பிளேயரோடு அது பாடியதே இந்த வழியில்தான். ரிசீவர் வருகிற சிக்னலிலிருந்தே கிளாக்கை மீட்டு எல்லாவற்றையும் ஒத்திசைவாகத் தருவதால் பிரச்சினை எழாது. கோஆக்ஸியல் வழி என்றால் 75 ஓம் கேபிள், அரை வோல்ட் அளவுச் சிக்னல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தச் சிக்னலை ஐ2எஸ் டேட்டா முனையில் கொடுத்துப் பார்க்கும் தவறையும் சிலர் செய்கிறார்கள், அது ஒருபோதும் வேலை செய்யாது.

அடுத்தது, மாஸ்டர் கிளாக்கையும் வெளியே தரும் யூஎஸ்பி-ஐ2எஸ் போர்டு ஒன்றை இடையில் வைப்பது. இவற்றில் நல்லவை 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஆசிலேட்டர்களோடு (கிளாக் துடிப்பை உண்டாக்கும் உறுப்புகள்) வருகின்றன, 44.1இன் மடங்குகளுக்கு ஒன்று, 48இன் மடங்குகளுக்கு மற்றொன்று. கணினி அந்தப் போர்டின் வேகத்துக்கு ஏற்றபடி தரவை அனுப்பும். நான்கு கம்பிகளும் ஒரே இடத்திலிருந்து, ஒரே ஆசிலேட்டரிலிருந்து வரும். உங்கள் நிலையில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

மூன்றாவது வழி உழைப்பு மிகுந்தது, ஆனால் கற்றுக்கொள்ள ஏற்றது. டாக் அருகிலேயே ஓர் ஆசிலேட்டரை வைத்து, அதையே மாஸ்டர் கிளாக்காகக் கொடுத்து, அதிலிருந்து வகுத்த பிட் கிளாக்கையும் எல்ஆர் கிளாக்கையும் டாக்குக்கும் பைக்கும் சேர்த்து அனுப்பி, பையை அடிமை நிலையில் ஓடச் செய்வது. 11.2896 மெகாஹெர்ட்ஸை 4ஆல் வகுத்தால் 2.8224 மெகாஹெர்ட்ஸ் பிட் கிளாக். 256ஆல் வகுத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ் எல்ஆர் கிளாக். 74எச்சி4040 போன்ற பைனரி கவுண்டர் ஒன்றே இரண்டையும் தரும். அதில் ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலைக்குப் பின் சற்றுத் தாமதித்து மாறும் என்பதால் எல்ஆர் கிளாக் பிட் கிளாக்கின் இறங்கு விளிம்புக்குச் சில பத்து நானோவிநாடிகள் கழித்தே மாறும். பிட் கிளாக்கின் பாதிச் சுற்று ஏறத்தாழ 177 நானோவிநாடி இருப்பதால் இந்த வேகத்தில் அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. 192 கிலோஹெர்ட்ஸுக்குப் போக நினைத்தால் எல்லா நிலைகளும் ஒன்றாக மாறும் சிங்க்ரனஸ் கவுண்டர் தேவைப்படும். மென்பொருள் பக்கத்தில், வழக்கமான ஹைஃபைபெர்ரி-டாக் ஓவர்லே (இணைத்திருக்கும் கருவியைப் பற்றிப் பைக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பு) பையையே மாஸ்டராக வைக்கும் என்பதால், டாக் பக்கம் மாஸ்டராக இருக்கும்படி எழுதப்பட்ட ஓவர்லே வேண்டும். இந்த வழியில் போகும்போது கிளாக் பையை நோக்கிச் செல்கிறது என்பதை மறக்கக் கூடாது: பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. டாக் உள்ளீடுகள் 5 வோல்ட் தாங்கும் என்பதால் கவலையின்றி இருந்துவிட்டு, 5 வோல்ட் கவுண்டரின் வெளியீட்டைப் பையில் கொடுத்தால் பை போய்விடும்.

மின்னழுத்தத்தைச் சொன்னதால் இன்னொன்று. டாக் போர்டுக்கு மின்சாரம் இல்லாதபோது பை சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த மின்சாரம் உள்ளீட்டின் பாதுகாப்பு டயோடுகள் வழியே போர்டுக்குள் கசிந்து சிப்பை அரைகுறையாக உயிர்ப்பிக்கும். அதற்குப் பின் முறையாக மின்சாரம் கொடுத்தாலும் சில நேரங்களில் சிப் சரியாகத் தொடங்காது. போர்டுக்கு முதலில், பைக்கு அடுத்து என்ற வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கம்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. ‘3 மெகாஹெர்ட்ஸ்தானே, ஜம்பர் கம்பி போதாதா?’ என்று கேட்பார்கள். பார்க்க வேண்டியது அலைவரிசையை அல்ல, விளிம்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதை. இன்றைய சிப்புகளின் விளிம்பு ஓரிரு நானோவிநாடிகளில் ஏறிவிடுகிறது. கம்பியில் சிக்னல் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோவிநாடி பிடிக்கும். 30 சென்டிமீட்டர் கம்பியில் போய் எதிரொலித்துத் திரும்ப 3 நானோவிநாடி. விளிம்பு ஏறி முடிவதற்குள் எதிரொலி திரும்பி வராததால் விளிம்பில் அலைவு உண்டாகிறது. அந்த அலைவு சிப்பின் எல்லைக்கோட்டை மறுபடியும் கடந்தால், ஒரு துடிப்பு இரண்டாக எண்ணப்பட்டு, அந்த சாம்பிளின் மற்ற எல்லா பிட்டுகளும் ஓரிடம் தள்ளிப் போகின்றன.

இப்படி ஒரு போர்டோடு நான் இரண்டு நாட்கள் போராடியிருக்கிறேன். பாட்டினூடே இடைவிடாமல் கரகரப்பு. ஆசிலோஸ்கோப் முனையை பிட் கிளாக் மீது வைத்தவுடன் கரகரப்பு நின்றுவிடும்; எடுத்தால் திரும்பிவிடும். அளக்கும் கருவி வைத்தால் மறையும் குறையை எப்படி அளப்பது என்று திகைத்துப்போனேன். முனையின் 10 பிகோஃபாரட் அளவு கொள்ளளவே விளிம்பைச் சற்று மழுக்கி அலைவை அடக்கியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அனுப்பும் பக்கத்தில் 33 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்ததும் முற்றிலும் தீர்ந்தது. ஆகவே ஒவ்வொரு கம்பியின் தொடக்கத்திலும், சிக்னல் புறப்படும் முனைக்கு ஒட்டியே, 22 முதல் 47 ஓமுக்குள் ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். சேரும் முனையில் வைத்தால் பயன் இல்லை. கம்பி நீளம் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ரிப்பன் கேபிளில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியைக் கிரவுண்டாக்கி இரண்டு பக்கமும் இணையுங்கள். மூன்று சிக்னலுக்கும் சேர்த்து ஒற்றைக் கிரவுண்டு கம்பி என்பது நீங்கள் இப்போது செய்திருப்பது, அதுவும் கோளாறுக்கு ஒரு காரணம் ஆகலாம்.

கிளாக்குகள் சரியான பிறகும் ஒலி சிதைந்திருந்தால் வடிவம் பொருந்தவில்லை என்று பொருள். ஐ2எஸ்ஸில் எல்ஆர் கிளாக் மாறி ஒரு பிட் கிளாக் கழித்தே முதல் பிட் வரும்; ‘லெஃப்ட் ஜஸ்டிஃபைடு’ என்ற வடிவத்தில் அது மாறும்போதே வந்துவிடும், இட-வல அடையாளமும் தலைகீழ். பை அனுப்புவது ஐ2எஸ், டாக் எதிர்பார்ப்பது லெஃப்ட் ஜஸ்டிஃபைடு என்றால், எண் நேரா எதிரா என்று சொல்லும் முதல் பிட்டான குறி பிட் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரு சுழியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிர் எண்கள் எல்லாம் பெரிய நேர் எண்களாகிவிடும். மிக மெல்லிய ஒலியும் காது கூசும் இரைச்சலோடு வரும். இதற்கு மாறாக, லெஃப்ட் ஜஸ்டிஃபைடு தரவை ஐ2எஸ் என்று டாக் படித்தால் குறி பிட் தொலைந்து, மற்றவை ஓரிடம் மேலேறும்: மெல்லிய பகுதிகள் 6 டெசிபெல் உரக்கவும் தெளிவாகவும் இருக்கும், உச்சங்கள் மட்டும் கோரமாக உடையும். இரண்டாவது வகை ஏமாற்றக்கூடியது. ‘பெரும்பாலும் நன்றாகப் பாடுகிறது, ஆம்ப்ளிஃபையரில்தான் கோளாறு’ என்று நினைக்க வைத்துவிடும். பிசிஎம்1794ஏவில் இதைத் தீர்மானிப்பவை எஃப்எம்டி0, எஃப்எம்டி1 என்ற இரண்டு கால்கள். ஸ்டீரியோ நிலையில் இரண்டையும் கிரவுண்டோடு இணைத்தால் ஐ2எஸ். உங்கள் ரிசீவர் வேறு வடிவத்தில் அனுப்பி வந்திருந்தால் போர்டில் அதற்கேற்ற நிலையில்தான் அவை இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்தனிமையாக்கும் ஐசோலேட்டர் சிப்புகளை இப்போதே சேர்க்க வேண்டாம். பையின் அடாப்டரிலிருந்து கிரவுண்டு வழியே உறுமல் வருவது உண்மைதான், ஆனால் அடிப்படை இணைப்பு பாடத் தொடங்கிய பிறகே அதைக் கவனிக்க வேண்டும். அப்போதும் ஆசிலேட்டர் டாக் பக்கத்தில் இருக்க வேண்டும், ஐசோலேட்டரைக் கடந்து மாஸ்டர் கிளாக் வரக் கூடாது.

சோதிக்கும்போது ஆம்ப்ளிஃபையரை இணைக்காதீர்கள். முதலில் ஸ்கோப்பின் ஒரு சேனலை எல்ஆர் கிளாக்கில் வைத்து அதிலேயே ட்ரிகர் செய்து, மற்ற சேனலை மாஸ்டர் கிளாக்கில் வையுங்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தால் திரையில் இரண்டும் அசையாமல் நிற்கும். மாஸ்டர் கிளாக் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் இன்னமும் எங்கோ இரண்டாவது கிரிஸ்டல் ஓடுகிறது. ஸ்கோப் முனையின் நீண்ட கிரவுண்டு கம்பியைத் தவிர்த்து, சிறிய சுருள் கிரவுண்டைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் முனையே உண்டாக்கும் அலைவைக் கம்பியின் குறை என்று நினைப்பீர்கள். அடுத்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவுக்கு 20 டெசிபெல் கீழே வைத்து ஒரு பக்கத்தில் மட்டும் இசைத்து, இட வலம் சரியா என்று பாருங்கள். பிறகு படிப்படியாக முழு அளவுக்கு ஏற்றுங்கள். பாதி அளவைத் தாண்டும் இடத்தில் அலை திடீரென்று மடங்கினால் அது மேலே சொன்ன ஒரு பிட் நழுவல். வெளியீட்டில் நிலையான டிசி மின்னழுத்தம் எதுவும் நிற்கவில்லை என்பதை மல்டிமீட்டரில் பார்த்து, 44.1, 48 என்ற இரண்டு வகைக் கோப்புகளையும் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு ‘டிக்’ கூட வரவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையரை இணைக்கலாம். நீங்கள் மூன்றாவது வழியில் ஒரே ஓர் ஆசிலேட்டரை வைத்திருந்தால், மற்ற வகைக் கோப்புகளை மென்பொருள் அந்த ரேட்டுக்கு மாற்றியே அனுப்ப வேண்டும். உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் சிடியிலிருந்து எடுத்த பாடல்கள் என்றால் 11.2896 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரையே முதலில் வாங்குங்கள்.